பூச்சுக்குக் கீழே

சுமந்துக்கு இரண்டு முகங்கள் இருந்தன.

ஒன்று தரைக்கு மேலே. இன்னொன்று தரைக்குள்ளே.

பாலிஷ் அத்தனை பளபளப்பு. கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் கிடந்தது. திறந்திருந்த வாயிலிருந்து எறும்புகள் வரிசையாக இறங்கின. தரைக்குள்ளும் அதே வரிசை.

இன்ஸ்பெக்டர் சத்தியநேசன் குனிந்து பார்த்தார்.

கிழக்கேகோட்டையில் இரண்டு தளப் பட்டுக்கடை அது. திங்கட்கிழமை காலை முதலாளி வீட்டில் சாவி வாங்கி வந்து ஷட்டரைத் தூக்கிய விற்பனைப் பெண் அலறினாள். எதிர்ச்சாரியிலிருந்து ஓடி வந்தவர்கள் முதலில் செல்போனில் படம் எடுத்தார்கள். பிறகுதான் ஒருவருக்கு போலீஸ் ஞாபகம் வந்தது.

மாடிப்படியின் அடியில் உடல். கடையில் பாதி, செத்துப்போன சுமந்துக்குச் சொந்தம்.

மீதிப் பாதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

பஞ்சாபகேசன். சுமந்தின் சித்தப்பா. செய்தி கேட்டதும் கரமனை வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் சொட்ட வந்திருந்தார். அழவில்லை. துண்டால் மூக்கை மூடியிருந்தார். கால் தரையில் படாமலிருக்க நாற்காலிக்கு முன்னால் செய்தித்தாள் விரித்திருந்தார்கள்.

"வழுக்கி விழுந்துட்டான் சார்," என்றார். "நேத்திக்கு கடை லீவு. அந்தப் பொம்மனாட்டி வந்து பாலிஷ் போட்டுட்டுப் போனா. கண்ணாடி மாதிரி பண்ணிவெச்சிருக்கா. இவன் எதுக்கோ வந்திருக்கான். படி இறங்கிக் காலை வெச்சிருப்பான்..."

"நீங்க நேத்து எங்க இருந்தீங்க சாமி?"

"ஆத்துலதான். பூரா நாளும். இவளைக் கேளுங்கோ."

இவள் என்றது அவர் மனைவி பாகீரதியை. நாற்காலிக்குப் பின்னால் ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தாள். பஞ்சாபகேசன் வெளியில் காப்பி குடிப்பதில்லை. கண்கள் வீங்கியிருந்தன அவளுக்கு.

யாரும் அவளைக் கேட்கவில்லை.

பஞ்சாபகேசன் காப்பியை வாங்கினார். உதடு படாமல் உயர்த்திக் குடித்தார். பிணம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. தம்ளரைப் பிடித்த விரல்களின் நகக்கண்ணில் மஞ்சள். பூஜை செய்கிற கை என்று சத்தியநேசன் நினைத்துக்கொண்டார்.

கான்ஸ்டபிள் பிஜி, ஜெயஷீலாவை அழைத்து வந்தாள்.

நாற்பத்தைந்து வயது. பாறசாலைக்காரி. ஆஸ்பத்திரிகள், கடைகள், ஓட்டல்கள் என்று பல இடங்களில் தரையைப் பராமரிக்கிற கான்ட்ராக்ட். பிணத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள்.

"கர்த்தாவே... சுமந்த் சாரா?"

"நீ போட்ட பாலிஷ்ல வழுக்கிச் செத்துப் போனான்னு சொல்லுதாங்க," என்றார் சத்தியநேசன். அவருக்கும் ஊர் பாறசாலைப் பக்கம்தான்.

"ஒணங்கிக் காஞ்ச பாலிஷ் வழுக்காது சாரே. ஆஸ்பத்திரியில நான் இடுத அதே சாதனம். சீக்காளி, தீனக்காரங்க எல்லாம் நடக்காவ. இதுவரை ஒருத்தரும் விழுந்ததில்ல."

"கோர்ட்ல போய்ச் சொல்லட்டும்," என்றார் பஞ்சாபகேசன் துண்டுக்குள்ளிருந்து.

கவனக்குறைவால் மரணம். அந்தப் பிரிவை சத்தியநேசன் சொன்னதும் ஜெயஷீலாவின் முகம் வெளுத்தது.

"என் மோள் ஷிபாவுக்கு அடுத்த மாசம் கல்யாணம் சாரே. ஜீப்புல என்னைக் கேத்தினா அது நடக்காது."

சத்தியநேசன் மாடிக்குப் போனார். அவளும் பின்னால் வந்தாள்.

மாடி கல்யாணப் பட்டுக்கான இடம். ஒரு மூலையில் பூஜை அலமாரி. கண்ணாடிப் பெட்டிகளில் பொம்மை மணப்பெண்கள். ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்திருக்கக்கூடிய மொசைக் தரை... இப்போது வெற்றிலை போடுகிறவனின் பல் நிறத்தில் மினுங்கியது.

"இது என்ன நிறம்?"

"அழுக்கு சாரே."

அவள் விளக்கினாள். மெழுகு மாதிரிதான் பாலிஷ். நாள்பட நாள்பட அழுக்கைப் பிடிக்கும். அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது பழையதை முழுக்கக் கரைத்து எடுத்து, தரையைக் கழுவி, புதிதாகப் போட வேண்டும். கீழ்த்தளத்தில் சுமந்த் அதைச் செய்ய வைத்தான். மாடியைத் தொடப் பஞ்சாபகேசன் பத்து வருடமாக விட்டதே இல்லை. கடையை அடைக்க வேண்டும் என்பதால் பூச்சுக்கு மேல் பூச்சு போடச் சொன்னார்.

"பல்லு தேய்க்காம லிப்ஸ்டிக் இடுதது மாதிரி," என்றாள். "எத்தனை தடவை கெஞ்சினேன். 'பளபளன்னு இருக்கோல்லியோ, போறும்'னு சொல்லிருவாரு."

சத்தியநேசன் உட்கார்ந்து பார்த்தார்.

பூச்சுக்குள் ஒரு தலைமுடி. ஒரு கொசு. குண்டூசி. யாரோ கடித்துத் துப்பிய நகம். எல்லாமே பத்திரமாக, பளபளப்பாக, கண்ணாடிக்குள் வைத்ததுபோல.

இதன்மேல்தான் பாய் விரித்துப் பட்டை விரிக்கிறார்கள். அதைக் கட்டிக்கொண்டுதான் பெண்கள் மணையில் உட்காருகிறார்கள்.

கர்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் செல்போன் ஒலித்தது.

பிணத்தை அனுப்பியிருந்த மெடிக்கல் காலேஜிலிருந்து டாக்டர். சுமந்த் விழுந்து சாகவில்லை. உடம்பிலிருந்த அடிகளெல்லாம் செத்த பிறகு பட்டவை. எங்கும் ரத்தக் காயம் கிடையாது. முகத்தில் துணியை அழுத்தி மூச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

மூக்குத் துவாரத்தில் ஜரிகை இழைகள். அசல் ஜரிகை இல்லை. பிளாஸ்டிக்.

சத்தியநேசன் போனை வைத்தார்.

விபத்து, கொலை ஆகிவிட்டது.

ஜெயஷீலாவின் நிலைமை அதைவிட மோசமாகியது. பூட்டு உடைபடவில்லை. சாவி இரண்டு. ஒன்று பஞ்சாபகேசனிடம். மற்றது ஞாயிறன்று ஜெயஷீலாவிடம். மத்தியானம் வேலை முடிந்ததும் சுமந்தே வந்து அதை வாங்கிக்கொண்டான் என்றாள். அவளுடைய ஆட்கள் அதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டார்கள். பார்த்தவர் யாருமில்லை. பிணத்தின் பையில் சாவியும் இல்லை.

சுமந்தால் ஆமாம் என்று சொல்ல முடியாது.

"அவளுக்கும் அவனுக்கும் ஆகாது," என்றார் பஞ்சாபகேசன். "கான்ட்ராக்டை நிறுத்தறதா இருந்தான்."

"பொய்," என்றாள் ஜெயஷீலா. "இந்தக் கடையில என்கிட்ட மனுஷன் மாதிரி பேசினது அவரு ஒருத்தர்தான்."

பாகீரதி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்து, ஊற்றாமலே மறுபடி மூடினாள். யாரும் கவனிக்கவில்லை.

பிஜி ஜீப்பை வாசலுக்கு வரச் சொன்னாள். ஜெயஷீலா கையிலிருந்த கையுறைகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். போனை எடுத்தாள். மகளைக் கூப்பிடப் பயந்து மறுபடி பைக்குள் போட்டாள்.

அப்போதுதான் பஞ்சாபகேசன் எழுந்தார். செய்தித்தாளின் மேலேயே நின்றார்.

"கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒரு காரியம் சார். இந்த பாலிஷைப் பூரா இவளே கரைச்சு எடுத்துட்டுப் போகட்டும். நாளைக்குக் கடை திறக்கணும். மாடியிலே ஆரம்பிக்கச் சொல்லுங்கோ."

"மாடி எதுக்கு சாமி? பிணம் கீழதானே கிடந்துது?"

பஞ்சாபகேசன் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"கல்யாணப் புடவை விரிக்கற எடம்... தீட்டு தீட்டுதான். ஒரே கட்டடமில்லையா?"

ஜெயஷீலா நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்தனை காலம் கெஞ்சினேன் சாரே," என்றாள் மெதுவாக. "இண்ணைக்குத்தான் சம்மதிச்சிருக்காரு."

சத்தியநேசன் அவளைப் பார்த்தார். பிறகு பஞ்சாபகேசனைப் பார்த்தார்.

பத்தாண்டு அழுக்கைச் சகித்த மனிதனுக்கு ஒரே நாளில் என்ன அவசரம்?

"கீழ ஒண்ணையும் தொட வேண்டாம்," என்றார். "மாடியில செய்யட்டும். எல்லாரும் வாங்க. அம்மா நீங்களும்."

ஜெயஷீலா கையுறைகளை மறுபடி மாட்டினாள். வாளியில் கரைசலைக் கலந்தாள். சோப்புத்தண்ணீரைவிடப் பத்து மடங்கு காரம். அதன் நெடி மூக்கை அறுத்தது. துடைப்பத்தால் பாதித் தரைக்குப் பரப்பிவிட்டுக் காத்திருந்தாள்.

பூச்சு கரைய ஆரம்பித்தது.

முதலில் நுரை. பிறகு பழுப்பு. பிறகு சளி.

ஆம், சளிதான். கெட்டியாக, இழுபடுகிற சளி. முடிக்கற்றைகள் அதில் எழுந்து மிதந்தன. கரப்பான் கால்கள். சமிக்கிகள். குழந்தை எதையோ கக்கிய கறை. எத்தனையோ முகூர்த்தங்களின் பாத அழுக்கு ஒரே வாடையாகக் கிளம்பியது.

பிஜி ஜன்னலுக்கு ஓடினாள். சத்தியநேசன் பல்லைக் கடித்தார்.

பஞ்சாபகேசன் துண்டின் இரண்டாவது மடிப்பையும் மூக்குக்கு ஏற்றினார்.

"இதுக்கு மேலயா சாமி வியாபாரம் பண்ணினீங்க?"

"மேலே தெரியலியே," என்றார் பஞ்சாபகேசன்.

ஜெயஷீலா பூஜை அலமாரிக்கு முன்னால் கரைசலைத் தள்ளினாள்.

நின்றாள்.

"சாரே..."

தரை சிவந்துகொண்டிருந்தது.

எல்லோர் கண்ணெதிரிலும். பழுப்புக்குள் ஒரு புள்ளி. பிறகு ஒரு வட்டம். பிறகு அது நீண்டது... அகன்றது... ஓர் ஆள் மல்லாந்து படுக்கிற நீளத்துக்கு, கரும் சிவப்பாக ஒரு பட்டை.

"ரத்தம்," என்றாள் பிஜி.

சத்தியநேசனுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் டாக்டர் சொன்னது... காயமே கிடையாதே?

அவர் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு வாய் திறந்தது.

"இல்லை," என்றார் பஞ்சாபகேசன். துண்டு கையிலிருந்து நழுவியது. "ரத்தம் எப்படி வரும்? அவனுக்கு ஒரு சொட்டு வரலியே. இங்கே கிடந்தப்போ சுத்தமாத்தான் கிடந்தான். நானே மஞ்சத்தண்ணி விட்டு..."

நிறுத்தினார்.

சத்தியநேசன் ஓர் அடி முன்னால் வந்தார்.

"இங்க கிடந்தப்போவா?" என்றார் சத்தியநேசன்.

பஞ்சாபகேசன் உட்கார இடம் தேடினார். எங்கும் சளி.

பிறகு எல்லாம் வந்தது. நின்றபடியே சொன்னார்.

பிளாஸ்டிக் ஜரிகை போட்ட சேலைகளை அசல் காஞ்சிப் பட்டென்று விற்றுக்கொண்டிருந்தார். சுமந்த் கண்டுபிடித்தான். வாங்கியவர்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லப்போவதாக ஞாயிறன்று மாடியில் வைத்துச் சொன்னான். கையில் அகப்பட்டது அதே சேலைகளில் ஒன்று. அதைப் பின்னாலிருந்து சுமந்தின் முகத்தில் வைத்து அழுத்தினார். பிறகு காலைப் பிடித்துப் படிவரை இழுத்து வந்து உருட்டிவிட்டார்.

"வயசான ஆளு. எப்படி இழுத்தீங்க?"

"பாலிஷ் நன்னா இருந்தது," என்றார் பஞ்சாபகேசன். "சிரமமே இல்லை."

சத்தியநேசன் மறுபடி கர்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். இந்தமுறை தரையைப் பார்த்து அல்ல.

சுமந்தின் சாவி கரமனை ஆற்றில். சேலை மறுபடி மடித்து அலமாரியில். கொன்ற பிறகு போகலாமென்று வாசல்வரை போனவருக்கு மனசு கேட்கவில்லை. கொன்றதற்காக இல்லை. கல்யாணப் புடவை விரிக்கிற இடத்தில் பிணம் கிடந்துவிட்டதே. திரும்பி மாடியேறி, பூஜை அலமாரியிலிருந்த மஞ்சளைக் கரைத்து, அந்த இடத்தைத் துடைத்துச் சுத்தி செய்துவிட்டுத்தான் போனார். ஏற்கெனவே மஞ்சளாயிருந்த தரை. யாருக்கும் தெரியவில்லை. அதுவும் போதவில்லை என்று இன்று மேல்பூச்சையே எடுக்கச் சொன்னார்.

"பின்னே இந்த ரத்தம்?" என்றாள் பிஜி.

பாகீரதி முன்னால் வந்தாள். ஃபிளாஸ்க்கை ஓரமாக வைத்தாள். புடவையை உயர்த்திக்கொண்டு சளியில் நடந்தாள். குனிந்து, ஒரு விரலால் சிவப்பைத் தொட்டாள்.

"ரத்தம் இல்லை சார். மஞ்சள்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அன்றைக்கு முதல்முறையாக.

"சோப்பு பட்டா மஞ்சள் செவக்கும். இவர் வேஷ்டியிலே சாம்பாரைக் கொட்டிண்டு வருவார். சோப்பைத் தேய்ச்சா இதே செவப்பு. அலசினா போயிடும். துணி தோய்க்கற எல்லாருக்கும் தெரியும்."

பஞ்சாபகேசனின் வாய் திறந்தபடி இருந்தது.

வாழ்நாளில் ஒரு கைக்குட்டைகூடத் தோய்த்ததில்லை அவர்.

"ஏண்டி... தெரிஞ்சுண்டா பேசாம இருந்தே?"

"நேத்து சாயங்காலம் ஈர வேஷ்டியோட வந்தேள். உள்ளங்கை ரெண்டும் மஞ்சள். ஏதோ பூஜைன்னு இருந்துட்டேன். கார்த்தால சுமந்தைப் பார்த்தப்புறம்தான்..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தாயில்லாப் பிள்ளை. நான் சோறூட்டி வளத்தவன். இவளைக் கேளுங்கோன்னு நீங்க சொன்னேள். யாரும் கேக்கலை. சரி, நீங்களே சொல்லட்டும்னு நின்னேன்."

ஜெயஷீலா கையுறைகளைக் கழற்றினாள். போனை எடுத்து ஜன்னலோரம் போனாள். "மோளே," என்றாள்.

பிஜி விலங்கோடு நெருங்கினாள். பஞ்சாபகேசன் பின்வாங்கினார்.

"தொடாதீங்கோ. நானே வரேன்."

கால் வழுக்கியது. சளியில் உட்கார்ந்தார். வெள்ளை வேஷ்டி முழுக்கப் பழுப்பும் சிவப்பும்.

எழுந்திருக்க யாரும் கை கொடுக்கவில்லை. கறையைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் மனைவியைப் பார்த்தார்.

சத்தியநேசன் குறுக்கே வந்து நின்றார்.

"அம்மாவைப் பாக்காதீங்க சாமி. பூஜப்புரை ஜெயில்ல அவனவன் துணிய அவனவன்தான் தோய்க்கணும்... சோப்பு சர்க்கார் தரும்."