நான் கரைக்கு

தைமியின் தலைமுடி காயவே இல்லை.

சவுனா முடிந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. கல்லைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீர் ஊற்றிய அந்த மர அறையில், பெரியவர்களே மூச்சுக்குத் தவிக்கும் அனலில், ஏழு வயதுப் பெண் மேல்பலகையில் ஏறி உட்கார்ந்து ஒரு முனகல்கூட இல்லாமல் இருந்தாள். மிர்வாவின் உடம்பெல்லாம் சிவந்து எரிந்தது. மகளின் முதுகைத் தொட்டால் மட்டும் மண்பானைத் தண்ணீர்போலச் சில்லென்றிருந்தது. வீட்டுக்குள் வந்து, துண்டு மாற்றித் துண்டு மாற்றித் துடைத்தும், பின்னலின் நுனியிலிருந்து ஒரு சொட்டு திரளும், தொங்கும், பலகைத் தரையில் விழும். உடனே அடுத்தது திரளும்.

"துடைக்கிற துடைப்புல முடி கொட்டிடப் போகுது அண்ணி," என்றான் இல்மோ.

இல்மோ அவள் கணவன் அஸ்கோவின் தம்பி. இந்த ஏரிக்கரைக் கோடை வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது என்பதால், ஒவ்வொரு கோடையிலும் வீட்டோடு அவனும் வருவான். மாமியார் இல்லாத குறையை மிர்வாவுக்கு அவன்தான் தீர்த்துவைத்தான். ஹெல்சிங்கியில் பிறந்தவளுக்குத் துடுப்புப் போடத் தெரியாது, தூண்டிலில் துடிக்கும் மீனைக் கையால் பிடிக்கத் தெரியாது என்று கல்யாணமான வருஷம் ஆரம்பித்த கேலி இன்னும் ஓயவில்லை.

இன்று பிற்பகலிலும் அவன் வாயால்தான் வந்தது வினை.

படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து சித்தப்பனும் மகளும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியதும் தைமி ஒரு கூழாங்கல்லை ஏரியில் போட்டு, "நேக்கி கரைக்கு, நான் தண்ணிக்கு," என்று சொல்லிவிட்டுக் குதித்தாள். வெளியே வரும்போது அதையே திருப்பிச் சொல்ல வேண்டும்: நான் கரைக்கு, நேக்கி தண்ணிக்கு. நேக்கி என்பது ஏரியின் அடியில் கிடந்து பிள்ளைகளின் காலைப் பிடித்து இழுக்கும் ஒன்று. குளிக்கும் நேரம் மட்டும் அதைக் கரைக்கு அனுப்பிவைக்கிற மரியாதை இது. இந்தப் பக்கத்தில் அதை நம்புகிறவர் யாரும் இல்லை. சொல்லாமல் விடுகிறவரும் யாரும் இல்லை.

மிர்வாவுக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். இல்மோ சொல்லிக்கொடுத்ததிலிருந்து குழந்தை ஹெல்சிங்கி வீட்டுக் குளியல் தொட்டியில்கூட இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. சவுனா தயாராகிவிட்டது, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். குழந்தை முங்குவதும் எழுவதுமாக இருந்தது.

"கரையில நேக்கி நிக்குது தைமி, அதான் கத்துது," என்று இல்மோ சிரித்தான்.

மிர்வா செருப்போடு தண்ணீரில் இறங்கினாள். முங்கியிருந்தவளைக் கை விட்டுத் துழாவி, அகப்பட்ட தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"இரும்மா, இன்னும் சொல்லல. நான் இன்னும் சொல்லல."

"சொன்னதெல்லாம் போதும்."

வாயைப் பொத்தி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். குழந்தை உதைத்தது, கடித்தது, உள்ளங்கைக்குள் அலறியது. சவுனாவுக்குப் போகும் பாதையின் பாதியில் சட்டென்று அடங்கிவிட்டது. பிடிவாதத்தை ஜெயித்துவிட்டோம் என்று மிர்வாவுக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட வந்தது.

இப்போது அந்தக் கர்வம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேஜையில் புது உருளைக்கிழங்கு ஆவி பறந்தது. வெண்ணெயும் சதகுப்பைத் தழையும் மணந்தன. அந்த மணத்துக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது, நாள்பட்ட சேறும் அழுகிய நாணலும் கலந்த வாடை. வறுத்த மீனைத் தைமிக்கு வைத்தால் முள்ளை எடு முள்ளை எடு என்று நச்சரிப்பாள். இன்று ஒரு வார்த்தை பேசாமல் தின்று முடித்தாள். மிர்வா தட்டைப் பார்த்தாள். முள் இல்லை. நடுத்தண்டு இல்லை. தலை இல்லை.

"என்ன தைமி, இன்னைக்கு ரொம்ப நல்ல பிள்ளையாயிட்ட," என்றான் அஸ்கோ.

தைமி அவனுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோர் பேச்சையும் அவள் அப்படித்தான் பார்த்தாள்.

"அதைச் சொல்லாம வந்தா என்ன ஆகும்?" மிர்வா விளையாட்டாகக் கேட்பதுபோலக் கேட்டாள். குரல் விளையாட்டாக வரவில்லை.

இல்மோவுக்கு வாயெல்லாம் பல். "அண்ணியே கேட்டுட்டாங்க. என்ன ஆகும்? கடைசியா சொன்ன சொல்லு என்ன? நேக்கி கரைக்கு, நான் தண்ணிக்கு. அதை மாத்திச் சொல்ற வரைக்கும் அதுதான் கணக்கு. அது கரையில. இவ தண்ணில."

"சும்மா இருடா. அவளே அரண்டுபோயிருக்கா," என்றான் அஸ்கோ.

"ஹெல்சிங்கில இதெல்லாம் கிடையாதுன்னு நினைச்சேன்," என்றான் இல்மோ.

அஸ்கோ சிரித்துவிட்டான். மிர்வா எழுந்து தட்டுகளை அடுக்கினாள். தரையில் தைமியின் நாற்காலிக்குக் கீழே சின்னக் குட்டையாகத் தண்ணீர் தேங்கியிருந்தது.

கோடையின் உச்சி. இந்த நாட்களில் சூரியன் மரங்களுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்குமே தவிர, மறையாது. சன்னல் துணியைத் தாண்டி வந்த மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் அறையின் ஒவ்வொரு மூலையும் தெரிந்தது. பயப்படுவதற்கு ஒரு இருட்டாவது வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளச் சாக்குக் கிடைக்கும். இங்கே அதுவும் இல்லை. தைமி மல்லாந்து படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. தலையணையின் ஈரம் மெத்தைக்குப் பரவி, மெத்தையிலிருந்து மிர்வாவின் உள்ளங்கைக்கு வந்தது.

வெளியே படகுத்துறைப் பக்கம் ஒரு சத்தம். பலகையைச் சின்னக் கையால் தட்டுவதுபோல. தட்டி நின்றது. மறுபடி தட்டியது.

"வாத்துங்க," என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து அஸ்கோ முனகிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

மிர்வா மகளின் காதருகே குனிந்தாள். "தைமி, கண்ணு, உன் முயல் பொம்மை பேர் என்ன?"

தைமி அவள் வாயைப் பார்த்தாள்.

"நீயே சொல்லும்மா," என்றாள்.

அஸ்கோவை எழுப்பலாம். எழுப்பி என்ன சொல்வது? பேச்சுக் குரல் கேட்டால் அடுத்த அறையில் இல்மோ விழித்துக்கொள்வான். அப்புறம் இந்தக் கோடை முழுக்க, வரப்போகும் கோடையெல்லாம், அவள் தலை உருளும். ஒரு நிமிஷ வேலை. பாதியில் விட்டதைச் சொல்லவைத்துவிட்டால் தீர்ந்தது. தான் பொத்திய வாயைத் தானே திறந்துவிட வேண்டியதுதான். அவள் குழந்தையின் கையைப் பிடித்து எழுப்பினாள். அது மறுக்காமல் கூடவே வந்தது.

ஏரியின் மேல் வெள்ளையாய்ப் பனிமூட்டம் படிந்திருந்தது. கொசுக்கள் மிர்வாவின் கழுத்தை மொய்த்தன. தைமியின் மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. பலகையில் கால் வைத்ததும் தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு நேரே அவள் பாதத்துக்கு அடியில், பலகைக்குக் கீழே இருந்து, மறுபடியும் தொடங்கியது.

தட்டு. தட்டு. மிர்வா கீழே பார்க்கவில்லை.

"சொல்லு கண்ணு. மத்தியானம் விட்டியே, அதைச் சொல்லு."

"நானா சொல்லணும்?"

"நீதான் சொல்லணும்."

"அப்புறம் திட்ட மாட்டியே?"

"மாட்டேன். சொல்லும்மா. சீக்கிரம்."

பலகைக்கு அடியில் தட்டுவது வெறி பிடித்ததுபோல ஆனது. ஆணிகள் அதிர்ந்தன. தைமி நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிறவள் மாதிரி, தெளிவாகச் சொன்னாள்.

"நான் கரைக்கு. நேக்கி தண்ணிக்கு."

சத்தம் நின்றது. சுத்தமாக நின்றது. எங்கோ தூரத்தில் ஒரு நீர்ப்பறவை கூவியது. மிர்வா மகளின் தலையைத் தொட்டாள். முடி உலர்ந்திருந்தது. கன்னம் கதகதப்பாக இருந்தது.

"பசிக்குதும்மா," என்றாள் தைமி. "வெண்ணெய் தடவின ரொட்டி வேணும்."

மிர்வா அழுதாள். அந்தப் பலகையில் மண்டியிட்டு, சந்தோஷத்தில், வாய்விட்டு அழுதாள். ரொட்டி வெட்டிக் கொடுத்தாள். மகளின் உலர்ந்த தலைமுடியில் மூக்கைப் புதைத்துக்கொண்டு அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள்.

காலையில் அஸ்கோ காபி கொடுத்து எழுப்பினான். முந்தின நாள் விரித்த வலையை எடுக்க வேண்டும். இல்மோ குறட்டையில் இருந்தான். "நான் வரேன், வலையை நானே இழுக்கறேன்," என்று மிர்வா சொன்னபோது அஸ்கோ அவளை ஒரு மாதிரி பார்த்தான். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. தைமியும் படகின் முன்முனையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வெயில் இதமாக இருந்தது. துடுப்பு தண்ணீரைத் தொடும் ஓசை கேட்க நன்றாக இருந்தது. இந்த வீட்டுக்கு வந்தபிறகு முதல் தடவையாக மிர்வாவுக்கு இந்த ஏரி பிடித்தது.

"மோதிரத்தைக் கழட்டிடு, வலைக்கண்ணுல மாட்டும்," என்றான் அஸ்கோ.

"பாத்துக்கறேன். நீ துடுப்பைப் போடு."

மிதப்புக் கட்டையைப் பிடித்து வலையை இழுக்கத் தொடங்கினாள். ஈர நூல் கையில் சில்லென்று வழுக்கியது. சின்ன மீன்கள் இரண்டொன்று வந்தன. வரவர வலை கனத்தது. மோதிரம் ஒரு கண்ணில் மாட்டிக்கொண்டது. இன்னொரு கையால் விடுவிக்கப் பார்த்தாள், அதன் விரல்களும் நூலில் சிக்கின.

"இன்னும் கொஞ்சம்மா," என்றாள் தைமி. "அங்கதான் இருக்கு."

"எது?"

கனம் கீழே அசைந்தது. கறுத்த தண்ணீருக்குள் வெளிறிய ஒன்று மெதுவாக மேலே வந்தது. முதலில் ஒரு சிவப்புத் துணி. நீச்சல் உடை. நேற்று அவளே போட்டுவிட்டது. பிறகு ஒரு பின்னல். பிறகு வலை அழுந்திக் கட்டம் கட்டமாய்ப் பதிந்த முகம்.

தைமியின் முகம். கண் திறந்திருந்தது. கண் இமைத்தது.

மிர்வாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நேற்றுப் பலகைக்கு அடியில் தட்டியவள் யார் என்று. 'நான் கரைக்கு' என்று சொன்ன அந்த 'நான்' யார் என்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அதுவரை கரையில் விருந்தாளியாய் இருந்ததை அவள் தன் வாயால் கேட்டுக்கொண்டு, கட்டாயப்படுத்தி, வீட்டுப் பெண்ணாக ஆக்கிவிட்டாள். சொன்ன கணத்தில் தண்ணீரில் கிடந்தவள் நேக்கியாகிப் போனாள்.

"அடேயப்பா," என்றான் அஸ்கோ. துடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். "என்னா சைஸு. ஹவுகி மீனுடி இது. இவ்வளவு பெரிய ஹவுகியை எங்கப்பாகூடப் பிடிச்சதில்லை. பல்லு ஜாக்கிரதை."

"அஸ்கோ. இது தைமி."

"என்னது?"

"நம்ம தைமி அஸ்கோ. பாரு. நல்லாப் பாரு."

அவன் முன்முனையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே அவன் மகள் உட்கார்ந்திருந்தாள். "தைமி இங்கதான இருக்கா," என்று சிரித்தான். "மீனைப் பாத்தா இன்னும் இவ்வளவு பயமா உனக்கு?"

"அப்பா, நழுவிடப் போகுது," என்றது அந்தக் குரல். "சீக்கிரம் அடிங்கப்பா."

அஸ்கோ பெஞ்சுக்கடியிலிருந்து மீன் அடிக்கும் கட்டையை எடுத்தான். மிர்வா கையை இழுத்தாள். வரவில்லை. நூல் மோதிரத்தைச் சுற்றி இறுகிச் சதையில் இறங்கியது. கத்த வாயைத் திறந்தாள். வலைக்கண் வழியாக ஒரு சின்னக் கை வெளியே வந்தது. அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. சாலையைக் கடக்கும்போது பிடிப்பாளே, அப்படி.

தண்ணீர் விலகியதும் அந்த வாய்க்குப் பேச்சு வந்தது. தைமியின் குரல்தான். கரகரத்து, அவசர அவசரமாக.

"அம்மா, நான் கரை..."

கட்டை இறங்கியது.

அஸ்கோ நல்ல மீன்காரன். உயிரை வதைக்கக் கூடாது என்பான், ஓங்கி அடிப்பான். இது பெரியதாக இருந்ததால் ஒரு அடி போதவில்லை. படகு ஆடியது. ஏதோ சூடாக மிர்வாவின் முகத்தில் தெறித்தது. பிறகு அவன் மூச்சு வாங்கிக்கொண்டு நெற்றியைத் துடைத்தான்.

"ராத்திரிக்குச் சூப் வெச்சிடலாம்," என்றான். "இல்மோ மூஞ்சியைப் பாக்கணும். நீ இழுத்த மீனுன்னு சொன்னா நம்பவே மாட்டான்."

"கன்னச் சதை எனக்கு," என்றது முன்முனையில் இருந்தது.

"உனக்குத்தான் கண்ணு. மிர்வா, கையை விடு. அது செத்துப்போச்சு. விடுடி."

மிர்வா விடத்தான் பார்த்தாள். அவள் விரலைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கை விடவில்லை.