உதட்டோரம் ஒரு முடி

"மத்ததெல்லாம் உங்க இஷ்டம். ஆனா முகத்துல ஒரு முடிகூட இருக்கக் கூடாதுங்க. கடைசி வரைக்கும் அவன் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தான்."

"எதைங்க?"

"வாய்ல முடி, வாய்ல முடின்னு."

இன்யங் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண் கறுப்பு உடையில் இருந்தாள். காதுக்கு மேலே செருகியிருந்த துக்கத்துக்கான வெள்ளைத் துணி கட்டிய கொண்டை ஊசி மழையில் நனைந்து தலையோடு ஒட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரியின் துக்க மண்டபத்திலிருந்து நேராக வந்திருந்தாள். அவளுடைய தம்பி தோக்யு இறந்துவிட்டான். அஞ்சலிப் பீடத்தில் வைக்கப் பெரிய படம் வேண்டும். வீட்டில் தேடியதில் ஒழுங்காக இருந்தது, கட்டாயப் பட்டாளச் சேவை முடித்து வந்ததும் வேலைக்கு மனுப்போட இந்த ஸ்டூடியோவில் அவன் எடுத்துக்கொண்ட சின்னப் படம் மட்டும்தான்.

"என்னங்க ஆச்சு அவருக்கு?"

"தூங்கினவன் எந்திரிக்கல. மூச்சு அடைச்சிருக்குன்னு சொல்றாங்க." அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "இங்க படம் எடுத்துட்டு வந்த அன்னிக்கு சாயங்காலந்தான் மொதல்ல சொன்னான். முடி வெட்டிக்கிட்டு நேரா இங்க வந்தான்ல, அதான் ஒட்டியிருக்கும்னு விட்டுட்டோம். அப்புறம் சோத்தை வாய்ல வச்சா துப்புவான். பல் டாக்டர் பாத்தாரு, தொண்டை டாக்டர் பாத்தாரு, ஒண்ணுமேயில்லன்னாங்க. 'எவ முடிடா அது, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து காட்டேன்'னு நான்கூட கிண்டல் பண்ணேன்."

சிரிக்கத்தான் முயன்றாள். முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. கீழே காபிக் கடையில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவளுடைய நனைந்த செருப்பின் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

புப்யோங் வட்டாரத்தில் மழைக்காலத்துப் பிற்பகல்கள் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருக்கும். சுவரில் ஈரம், தரைவிரிப்பில் ஈரம். மூலையில் ஈரமுறிஞ்சும் இயந்திரம் நாளெல்லாம் முனகிக்கொண்டிருந்தது. முதலாளி படச்சட்டம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். இன்யங்கின் வேலையிடம் ஜன்னல் இல்லாத சிறிய தடுப்பு. திரை, மவுஸ், இரண்டு நாற்காலிகள். படம் எடுத்துக்கொண்டவரைப் பக்கத்திலேயே உட்காரவைத்து அவர் கண்முன்னே பருவைத் துடைத்து, தோளைச் சமன் செய்து, சிலிர்த்து நிற்கும் முடிகளை ஒவ்வொன்றாக அழித்துக் கொடுப்பது இங்கே வழக்கம். மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். முடிதான் இன்யங்கின் கைவரிசை.

"அக்கா!" படம் எடுக்கும் அறையிலிருந்து தங்கை சேபோமின் குரல் வந்தது. "என் படம் ரெடியாயிடுச்சா இல்லையா?"

"காலைலயே முடிச்சிட்டேன். முதலாளி வந்ததும் பிரிண்ட் போட்டுக்கலாம்."

"மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னேனே?"

"ஆக்கினா நாளைக்கு இன்டர்வியூல, இது யாரு, உன் அக்காவான்னு கேப்பாங்க."

"உன் மூக்குக்கு அவ்ளோ கர்வமா! நான் விமானத்துல ஏறினதும் உனக்குக் கடலைப் பொட்டலம்கூட தர மாட்டேன், பாத்துக்க." தொடர்ந்து ஒரு சின்ன இருமல். "ச்சே... இந்தக் கிம்பாப்ல சோத்தைச் சுத்தியிருக்கிற கடல்பாசி வாய்ல ஒட்டிக்குது."

இன்யங் சிரித்துக்கொண்டாள். சேபோமுக்கு நாளைய இன்டர்வியூ மூன்றாவது முயற்சி. விமானப் பணிப்பெண் வேலைக்கான பயிற்சிப் பணத்தையெல்லாம் இன்யங்தான் கட்டியிருந்தாள். அம்மா போன பிறகு அவர்களுக்கு ஒருவருக்கொருவர்தான். இன்று காலை தங்கையின் தலையை அவளே சீவி, வலைபோட்டுக் கொண்டையாக முடிந்து, ஸ்பிரே அடித்துக் கல்போல ஆக்கியிருந்தாள். அந்த வாசனை இன்னும் காற்றில் இனித்துக்கொண்டிருந்தது.

தோக்யுவின் கோப்பைத் திறந்தாள்.

சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் உடைந்துவிடும். அசலிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். அசலில் யாரும் கைவைப்பதில்லை. நகலில்தான் எல்லாத் திருத்தமும். மொத்தம் நான்கு படங்கள் எடுத்திருந்தார் முதலாளி. தேர்ந்தெடுத்தது கடைசிப் படம். இன்யங்குக்கு நன்றாக நினைவிருந்தது. அதில் அவன் உதட்டோரத்தில் நீளமான ஒற்றை முடி ஒன்று கிடந்தது. அவனும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தான். "என் மண்டையில இவ்ளோ நீளத்துக்கு இருந்திருந்தா பட்டாளத்துல என்னைத் தோலுரிச்சிருப்பாங்க." அவள் அதை வேரிலிருந்து நுனிவரை அழித்தாள். அவன் கைதட்டினான்.

முதல் படம் திரையில் விரிந்தது. ஒட்ட வெட்டிய தலை, கூச்சமான கண்கள். இடது தோளில் முடி. படத்தின் விளிம்பிலிருந்து, சாம்பல் பின்னணிக்குள்ளிருந்து, யாராவது அவன் பின்னால் நின்று குனிந்தால் விழும் உயரத்திலிருந்து வந்திருந்தது. உதிர்ந்த முடி துவண்டு கிடக்கும். இது துவளவில்லை. இழுத்துக் கட்டிய நூல்போல நேராக நின்றது.

இரண்டாவது படம். முடி சட்டைக் காலரில்.

மூன்றாவதில் மோவாயில்.

இன்யங் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். காற்றாடிக் காற்றில் பறந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படமெடுக்கும்போது முதலாளி காற்றாடியை நிறுத்திவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். முடி பறந்துவிடும் என்பதற்காகத்தான் நிறுத்துவார்.

நான்காவதைத் திறந்தாள். அசல்.

முடி இல்லை.

பெரிதாக்கினாள். உதட்டின் வெடிப்புகள் தெரிந்தன, சவரத்தில் தப்பிய மயிர்க்கால்கள் தெரிந்தன. அந்த நீள முடி மட்டும் இல்லை. அவள் கைபடாத படத்தில், அவள் அழித்த முடி அழிந்திருந்தது. அவன் வாய் மட்டும் மற்ற மூன்றில் இல்லாதபடி லேசாகத் திறந்திருந்தது, நாக்கில் எதையோ தேடுபவன்போல.

ஈரமுறிஞ்சும் இயந்திரம் நின்றுபோயிற்று. தொட்டி நிறைந்திருக்க வேண்டும். அந்த முனகல் இல்லாமல் அறை சட்டென்று பெரிதாகிவிட்டது.

அப்போதுதான் காலையில் செய்த வேலை நினைவுக்கு வந்தது.

தங்கையின் படம். அதிலும் ஒரு முடி. 'இவ்வளவு ஸ்பிரேயும் தாண்டி ஒண்ணு வந்திடுச்சே' என்று முணுமுணுத்துக்கொண்டே, டீயை ஒரு கையில் பிடித்தபடி, யோசிக்காமல் அழித்தாள். எங்கிருந்து அழித்தாள்? நெற்றியில் இல்லை. காதோரம் இல்லை.

உதட்டோரம்.

"சேபோம்," என்று கூப்பிட நினைத்தாள். அதற்குள் விரல்கள் தாமாகவே கோப்பைத் திறந்தன.

முதல் படம். கல்லாக இறுகிய கொண்டை, வழித்துவிட்ட நெற்றி, ஒரு முடிகூடப் பிசகவில்லை. தோளில், சாம்பல் பின்னணியிலிருந்து நீண்டுவந்த ஒரு முடி. விறைப்பாக. ஈரமாக இருப்பதுபோல மினுங்கியது.

இரண்டாவது. கழுத்தில்.

மூன்றாவது. மோவாயில். விளிம்பில், பின்னணி சற்றுக் கறுத்திருந்தது. நிழல் என்று நினைத்தாள். பெரிதாக்கினாள். நிழல் இழை இழையாக இருந்தது.

நான்காவது. அசல். சுத்தமாக இருந்தது.

திருப்பி வைக்க முடியும் என்று தோன்றியது. மோவாயிலிருக்கும் முடியை எடுத்து உதட்டோரத்தில் ஒட்டிவிட்டால். அது அங்கேயே நின்றுவிட்டால். வெட்டினாள். ஒட்டினாள். இடம் தவறியது. மறுபடி ஒட்டினாள். சேமித்தாள். ஒரு கணம் அங்கேயே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடி மெதுவாகக் குட்டையாயிற்று. உதட்டுப் பக்கமாக. யாரோ சேமியாவை உறிஞ்சுவதுபோல.

போய்விட்டது.

படம் எடுக்கும் அறையில் மறுபடி இருமல். இந்தமுறை நிற்கவில்லை.

இன்யங் எழுந்தாள். நாற்காலி சாய்ந்தது. நடைவழி இருட்டாக இருந்தது. ஸ்பிரேயின் இனிப்பு வாசனைக்குள் வேறொரு வாசனை, குளியலறை வடிகாலில் நாட்பட்டுச் சிக்கிக் கிடப்பதன் வாசனை. படமெடுக்கும் அறையின் கதவு திறந்தே இருந்தது. விளக்குகள் அணைந்திருந்தன. வாசல் வெளிச்சம் மட்டும் முக்காலியை எட்டியது.

சேபோம் அங்கே, பின்னணித் தாளுக்கு முன்னால், காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதி தின்ற கிம்பாப். கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் முகத்தில் எரிச்சல்தான், பயமில்லை. வாய்க்குள் இரண்டு விரல்களை விட்டு எதையோ பிடித்திருந்தாள்.

பிடித்துவிட்டாள். வெளியே இழுத்தாள். கறுப்பாக, ஒரு முழம் வந்தது. இன்னும் வந்தது.

"பாசியில்லக்கா," என்றாள், விரல்களுக்கிடையே குழறிக்கொண்டு. "உன் முடியா இது? சோத்துல விழுந்திருக்கு பாரு. அசிங்கம்."

முடி அவள் உதட்டிலிருந்து தோளைத் தாண்டிப் பின்னால் போயிற்று. தொய்வில்லாமல். சாம்பல் தாளின் இருட்டுக்குள், ஒருவர் நின்று குனிந்தால் தலை இருக்கும் உயரத்துக்கு. அங்கே தாள் மூச்சுவிடுவதுபோல உப்பி, அடங்கிற்று.

முடி இறுகியது. சேபோமின் தலை அரை அங்குலம் பின்னால் சாய்ந்தது.

"வர மாட்டேங்குதுக்கா. எங்கயோ மாட்டிக்கிச்சு." கையை நீட்டினாள். "நீதான் நல்லா எடுப்பியே. வந்து கொஞ்சம் எடுத்து விடேன்."