உப்புக் கரித்த சாக்லேட்

மிலேனாவின் அப்பா அன்செல்மோவுக்கு ஒரு வினோதமான பழக்கம் உண்டு. வீட்டுக்கு வருகிறவரைப் படிப்பை வைத்தோ வேலையை வைத்தோ அவர் எடை போட மாட்டார். சீஸ் போட்ட சூடான சாக்லேட்டை வந்தவர் எப்படிக் குடிக்கிறார் என்றுதான் பார்ப்பார்.

மலைமேல் இருக்கும் பொகோட்டா நகரத்தில் ஞாயிறு மாலை என்றால் வெளியே மழையும் குளிரும்தான். அம்மா வெல்லம் போட்டுச் சாக்லேட் காய்ச்சி, நுரை பொங்க மத்தால் கடைவாள். கப்புக்குள் வெள்ளைச் சீஸ் துண்டுகளைப் போட்டால் அவை இளகிவிடும். கரண்டியால் தூக்கினால் நூல் நூலாக நீளும். அந்த நூலைக் கரண்டியில் சுற்றிச் சுற்றித்தான் சாப்பிட வேண்டும். கத்தியால் அறுத்தால் அப்பாவுக்குப் பொறுக்காது.

அப்பாவின் தங்கை கிராசியேலா அத்தைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவள் முதலில் கூட்டி வந்தவர் சீஸ் நூலைக் கத்தியால் அறுத்தார். அடுத்து வந்தவர், சாக்லேட்டில் சீஸா என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். இரண்டு பேருமே அதன்பிறகு அந்தத் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை.

இன்று மூன்றாவதாக எவரிஸ்தோ வருகிறார். கடற்கரை ஊரான ரியோஹாச்சாவில் பிறந்தவர், இங்கே பஸ் ஓட்டுகிறார். மிலேனாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிக்க அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

"அண்ணன் இவரையும் வேண்டாம்னு சொல்லிட்டா, இனிமே நான் யாரையும் கூட்டிட்டு வரமாட்டேன்டி" என்று காலையிலேயே அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதிலிருந்து மிலேனா ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

எவரிஸ்தோ செங்கல் மாதிரி ஒரு சீஸ் கட்டியோடு வந்து சேர்ந்தார். அவர் ஊர்ச் சீஸ். அந்த ஊர் வெயிலுக்குக் கெட்டுப் போகாமல் இருக்க, உப்பை அள்ளிப் போட்டுச் செய்வது. மேசையில் கப்புகளுக்குப் பக்கத்தில் அம்மா சீஸ் துண்டுகளை வைத்திருந்ததைப் பார்த்தார். ஓகோ, இங்கே சீஸைச் சாக்லேட்டில் போடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். எல்லோரும் உட்காருவதற்குள் தன் கட்டியை நறுக்கி, ஒவ்வொரு கப்பிலும் தாராளமாகப் போட்டுவிட்டார்.

அப்பா ஒரு வாய் குடித்தார். அவருடைய புருவம் மேலே ஏறியது, இறங்கவே இல்லை. அம்மா குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. மிலேனாவுக்கோ நாக்கெல்லாம் உப்புக் கரித்தது. அந்தச் சீஸ் இளகவும் இல்லை. கூழாங்கல் மாதிரி கப்பின் அடியில் கிடந்தது.

ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. விருந்தாளி ஆசையாகக் கொண்டுவந்ததைக் குறை சொல்வதா? பொகோட்டாக்காரர்கள் உயிரே போனாலும் அதைச் செய்ய மாட்டார்கள்.

அப்போதுதான் மிலேனா எவரிஸ்தோவைக் கவனித்தாள். அவரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கசப்பு மருந்தைப் போல மடக்கென்று குடித்தார். குடித்துவிட்டுப் பிரமாதம் என்றார். அம்மா உடனே அவருடைய கப்பை மறுபடி நிரப்பினாள். அவரும் சும்மா இருப்பாரா? எல்லோருக்கும் இன்னும் கொஞ்சம் சீஸ் போட்டார்.

அட, இது என்ன கூத்து! இவர்களுக்காக அவர் குடிக்கிறார், அவருக்காக இவர்கள் குடிக்கிறார்கள். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அப்பாவின் முகம் வேறு கடுகடுவென்று ஆகிக்கொண்டே வந்தது. உப்பு என்று சொன்னால் எவரிஸ்தோவின் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் அத்தையின் கதி அதோகதிதான். மிலேனா கொஞ்சம் யோசித்தாள்.

"மாமா, இந்தச் சீஸை உங்க வீட்டுல எப்படிச் சாப்பிடுவீங்க?"

எவரிஸ்தோவின் முகம் மலர்ந்தது. "எண்ணெய்ல போட்டுப் பொரிப்போம். எவ்வளவு சூடு பண்ணினாலும் இது உருகாது, அப்படியே நிக்கும். வெளிய மொறுமொறுன்னு, உள்ள மெத்துன்னு இருக்கும். கூடவே பழுத்த வாழைப்பழத்தையும் வறுத்து வெச்சா, அடடா!"

"சாக்லேட்ல போட மாட்டீங்களா?"

"சாக்லேட்லயா? எங்க ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. நீங்கதான் இப்படிப் போடுவீங்கன்னு நான்…" என்றவர் சட்டென்று நிறுத்தினார். எல்லோருடைய கப்பையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்போ உங்களுக்கு இது பிடிக்கலையா?" என்று அப்பா கேட்டார்.

எவரிஸ்தோவின் காது சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க அண்ணே. சின்ன வயசுல கடல்ல முங்கி நிறையத் தண்ணி குடிச்சிருக்கேன். அதுகூட இவ்வளவு உப்பா இருந்ததில்லை."

அப்பா கப்பைக் கீழே வைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அம்மா சிரித்துக்கொண்டே எல்லாக் கப்பையும் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

எவரிஸ்தோ சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றார். சீஸ் துண்டுகள் எண்ணெயில் பொன்னிறமாகப் பொரிந்தன. மிலேனா வாழைப்பழத்தை நறுக்கிக் கொடுத்தாள். அப்பா ஒரு துண்டைக் கொய்யா அல்வாவோடு சேர்த்துச் சாப்பிட்டார். பிறகு தட்டையே தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். ஆனால் கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

அதற்குள் புதுச் சாக்லேட் வந்தது. இந்த முறை இளகுகிற சீஸ். எவரிஸ்தோ கரண்டியைத் தூக்கினார். நூல் நீண்டது. இன்னும் தூக்கினார், இன்னும் நீண்டது. அது போய் அவர் மீசையில் ஒட்டிக்கொண்டது. அவர் எழுந்தே நின்றுவிட்டார். அப்போதும் அறுந்தபாடில்லை.

மேசையில் கத்தி இருந்தது. அவருடைய கண் அதன் பக்கம் போனது. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். மிலேனா கத்தியை மெல்ல எடுத்துத் தன் மடியில் ஒளித்துக்கொண்டாள்.

அப்பா எழுந்தார். தன் கரண்டியை எடுத்துக்கொண்டு எவரிஸ்தோவின் மீசைக்குப் பக்கத்தில் போனார்.

"அசையாம நில்லுங்க மாப்பிள்ளை. இந்தப் பக்கத்துலேர்ந்து நான் சுத்துறேன்."

மாப்பிள்ளை என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தை கண்ணைத் திறந்தாள். மிலேனா இரண்டு விரலை வாயில் வைத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு விசில் அடித்தாள்.