உப்பு போட்ட சலூன்

தும்பியின் அப்பா வைத்திருந்த சலூனில் இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, ஓயாத ஒரு வாய் இருந்தன. வாய் அப்பாவுடையது. அவருடைய சிறுநீரகங்கள்தான் கொஞ்சம் ஓய்ந்து போயிருந்தன. கால் வீங்கி, ஷூ நுழைய மறுத்தது.

"உப்பைக் குறைங்க. இல்லேன்னா ரெண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் பண்ணிடும்" என்றார் டாக்டர்.

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. உப்போடு மிளகு, பூண்டு, எலுமிச்சை எல்லாவற்றையும் சமையலறையிலிருந்து நாடு கடத்தினார். பூசணியும் முட்டைக்கோஸும் ஒரே ருசிக்கு வந்தன. வெந்நீர் ருசி.

இரவுச் சாப்பாட்டில் அப்பா கவளத்துக்கு ஒரு பெருமூச்சு விட்டார். ஆனால் தும்பி சலூனுக்குக் கொண்டுபோகும் மதியச் சாப்பாட்டு டப்பா மட்டும் துடைத்ததுபோல் காலியாகும். கால் வீக்கமோ வடியவே இல்லை. தும்பிக்கு மூக்கில் வேர்த்தது.

ஒரு விடுமுறை நாளில் அவள் சாப்பாட்டோடு நுழைந்தபோது, அப்பா தபால்காரருக்குச் சவரம் முடித்திருந்தார். பேச்சு முடியவில்லை. பேசிக்கொண்டே பவுடர் டப்பாவை எடுத்துக் கன்னத்தில் தட்டினார்.

"ஐயோ, எரியுதே!" தபால்காரர் துண்டோடு துள்ளி எழுந்தார். உதட்டை நக்கிப் பார்த்தார். "யோவ், இது உப்புய்யா! என்னைக் கருவாடு போடலாம்னு பாத்தியா?"

"புதுப் பவுடர் அண்ணே. கடல் வாசனை" என்றார் அப்பா, கண்ணாடியைப் பார்த்தபடி.

தபால்காரர் முகத்தைக் கழுவிவிட்டு, முனகிக்கொண்டே போனார். தும்பி அலமாரியைப் பார்த்தாள். ஒரே மாதிரி இரண்டு டப்பா. ஒன்றுக்குள் குட்டி ஸ்பூன் கிடந்தது.

"அம்மாகிட்ட சொல்லிடாத கண்ணு."

"நான் சொல்லல. உங்க கால் சொல்லிடுமேப்பா."

அப்பா குனிந்து காலைப் பார்த்தார். "என்னம்மா பண்றது? நாக்கு அழுவுது" என்றபடி உப்பு டப்பாவை அவள் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தும்பி கேட்டாள்: "ஏம்மா, எலுமிச்சம்பழம் என்ன தப்பு பண்ணிச்சு?"

"அதெல்லாம் உப்போட சேர்ந்து சுத்தினதுங்கடி!"

"கூட சுத்தினதுக்கா தண்டனை? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளேன்."

அம்மா போன் போட்டார். "மிளகு, பூண்டு, எலுமிச்சை எல்லாம் போடலாமே! நான் உப்பைத்தானே குறைக்கச் சொன்னேன்?" என்றார் டாக்டர்.

அன்று இரவு பூசணியில் பூண்டு மணந்தது. முட்டைக்கோஸ் மேல் மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு. அப்பா பெருமூச்சை மறந்து, தட்டை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் வை."

அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது.

சில வாரங்களில் ஷூ நுழைந்தது. அதை டக் டக்கென்று தட்டியபடி அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். நாற்காலியில் அதே தபால்காரர். அப்பா பவுடர் டப்பாவை எடுத்ததும், அவர் கன்னங்களை இரு கையாலும் பொத்திக்கொண்டார்.

"முதல்ல நீ நக்கிக் காட்டு!"

அப்பா தும்பியைப் பார்த்தார். தும்பி தலையாட்டினாள். அப்பா ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் அஷ்டகோணலானது.

"த்தூ! பவுடர்தான் அண்ணே!"

"அப்படின்னா சரி" என்று தபால்காரர் கன்னத்தைக் காட்டினார்.