தொப்பையன் தின்ற தின்பண்டம்

பள்ளி விட்டதும் சிட்டு நேராக அம்மாவின் ஆய்வுக்கூடத்துக்குத்தான் ஓடுவாள். எலி அறைக்குள் மட்டும் அவளுக்கு அனுமதி இல்லை. கண்ணாடிக்கு வெளியே மூக்கைச் சப்பையாக்கிக்கொண்டு பார்க்கலாம்.

அன்று அம்மாவின் முகம் தொங்கிப்போயிருந்தது.

“என்னாச்சும்மா?”

“தொப்பையன் என் காலை வாரிட்டான்.”

தொப்பையன் ஒரு வெள்ளை எலி. எலியின் குடலில் புழு புகுந்தால் உடம்பின் காவல் செல்கள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்பும். உடனே குடல் வழவழவென்று சளியைச் சுரந்து புழுவை வழுக்கி வெளியே தள்ளிவிடும். தொப்பையனுக்கு அந்தச் சைகை உண்டு. அவன் கூண்டுத் தோழர்கள் இருவருக்கும் பிறவியிலேயே கிடையாது. மூவர் குடலிலும் புழுவை விட்டு, யார் துரத்துகிறார்கள் என்று பார்ப்பதுதான் அம்மாவின் சோதனை.

“அப்போ அவன் புழுவைத் துரத்தியிருக்கணுமே?”

“துரத்திட்டான்னுதான் நினைச்சேன். இன்னைக்கு அவன் புழுக்கையில புழு முட்டை இருக்கு! நாளைக்குப் பெரிய மேடம்கிட்ட என்னத்தைச் சொல்றது? இத்தனை நாள் உழைப்பும் வீண்.”

தொப்பையன் முன்பு தனிக் கூண்டில் இருந்தவன். “பாவம்மா, பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை” என்று நச்சரித்து, போன வாரம் அவனை மற்றவர்களோடு சேர்க்கவைத்ததே சிட்டுதான்.

கவலையோடு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டாள். ஒரு தோழன் புழுக்கை போட்டான். தொப்பையன் ஓடிவந்து அதை இரண்டு கையாலும் எடுத்து, பிஸ்கட் மாதிரி ரசித்துக் கொறித்தான்.

“உவ்வே! அம்மா, இவன் அடுத்தவன் புழுக்கையைத் தின்னுட்டான்!”

“எலிங்க அப்படித்தான் கண்ணு. அதுங்களுக்கு அது...” அம்மா பாதியில் நிறுத்தினாள்.

“அதுல முட்டை இருந்தா, இவன் வயித்து வழியா அப்படியே வெளியே வராதா?” என்று கேட்டாள் சிட்டு.

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேனே!”

பெரிய மேடம் இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார். தொப்பையன் மறுபடி தனிக் கூண்டுக்குப் போனான். இந்தக் கூண்டுக்கு அடியில் கம்பி வலை. புழுக்கை விழுந்தால் எட்டாது.

“அவங்க கூண்டுக்குப் பக்கத்துலயே வைங்கம்மா. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கவாவது செய்யட்டும்” என்றாள் சிட்டு.

அம்மா அப்படியே வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, நுண்ணோக்கியிலிருந்து தலைநிமிர்ந்த அம்மா கண்ணாடி வழியாக விரலை வளைத்துச் சுழி காட்டினாள். ஒரு முட்டைகூட இல்லை! சிட்டு குதித்த குதியில் செருப்பு ஒன்று பறந்தது.

சோதனை முடிந்ததால் தொப்பையன் தோழர்களிடமே திரும்பிவிட்டான்.

“பசிக்குதா? வா, சாப்பிடப் போகலாம்” என்றாள் அம்மா.

சிட்டு கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். தொப்பையன் எதையோ ரசித்துக் கொறித்துக்கொண்டிருந்தான்.

“கொஞ்ச நேரம் கழிச்சுப் போகலாம்மா.”