வட்டகொடை லோஜினிக்கு ஒரு வாழ்த்து

"யாருங்க அது... காலைக் கொஞ்சம் மடக்குங்க! காரை உள்ள விடணும்!"

இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றிய வியாழக்கிழமை பிற்பகல். ஜனகன் தன் கடைக்குள் ஒரு வேனின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, வயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். கால்கள் இரண்டும் கடை வாசலை மறித்துக்கொண்டு வெளியே நீண்டிருந்தன. பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம் என்று தலையைத் திருப்பியவன் சட்டென்று கால்களை மடக்கிக்கொண்டான்.

பாதி இறக்கிய கார் கண்ணாடிக்கு மேல் இரண்டு கண்கள்... தலைகீழாகப் பார்த்தும் அவனுக்கு அடையாளம் தெரிந்த கண்கள். இமையில் விழுந்த மழைத்துளியைக் கையால் துடைக்காமல், சிமிட்டியே உதிர்க்கும் அதே பழக்கம்...

லோஜினி! தலவாக்கலை டியூசன் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள். பத்து வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் திடீரென்று வராமலே நின்றுபோனவள். நூற்றைம்பது பேர் படித்த வகுப்பில், கடைசி வரிசை வாங்கில் கிடந்த அவனை அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

"ஜப்பான் கார் அண்ணே. ரேடியோ எஃப்.எம். தொண்ணூறுக்கு மேல போகவே மாட்டேங்குது. நம்ம தமிழ் ஸ்டேஷன் ஒண்ணுமே கேக்கல. வேற செட் போட்டுத் தாங்க."

அண்ணனாமே! ஜனகனுக்குச் சுருக்கென்றது.

"ஜப்பான் செட்டு எல்லாமே அப்படித்தாங்க. மாத்திரலாம். ஆனா நான் யாருக்கும் அண்ணன் இல்லீங்க... ஜனகன்."

"பேர் சொல்லிக் கூப்பிட்டா வேலை சீக்கிரம் முடியுமா?"

"இல்லீங்க... இன்னும் லேட்டாகும்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு அவனுக்கு மழையாவது, குளிராவது! பழைய செட்டைக் கழற்றி, அதன் பின்னால் இருந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். வெளியே நிற்க முடியாத மழை, கடைக்குள்ளோ நிற்க இடமில்லை... அவள் காருக்குள்ளேயே, அவனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் காலத்துல எல்லாரும் போன்லதான் பாட்டுக் கேக்கிறாங்க. உங்களுக்கு மட்டும் என்னங்க ரேடியோ மேல இவ்வளவு ஆசை?"

"ஆசையா? ஒருத்தனப் புடிக்கணும்."

"ஆங்...?"

"ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறப்ப, என் பொறந்த நாளைக்கு எவனோ ரேடியோவுக்கு வாழ்த்து அனுப்பிட்டான். 'வட்டகொடை மேல் டிவிசன் லோஜினிக்கு, அன்பு உள்ளம் ஒன்றின் பிறந்தநாள் வாழ்த்து'ன்னு! எல்லாரும் தோட்ட வேலைக்குப் பேர் குடுக்க, காலைப் பெரட்டுக்குக் கிளம்புற நேரம். லயத்துல வரிசையா இருக்கிற அத்தனை வீட்லயும் அதே ஸ்டேஷன். யோசிச்சுப் பாருங்க..."

ஜனகனின் கையிலிருந்த கட்டர் நழுவி விழுந்தது.

"அப்பா யாருன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். நெசமாவே தெரியாது. யாரு நம்புறா? மறைக்கிறேன்னு நெனச்சு டியூசன நிப்பாட்டிட்டாரு. கொஞ்ச மார்க்குல கெம்பஸ் போய்ப் படிக்கிற வாய்ப்பு போச்சு. இப்ப டீச்சரா இருக்கேன், கொறை ஒண்ணுமில்ல. ஆனா அந்த வாழ்த்து நிகழ்ச்சிய இன்னைக்கும் விடாம கேக்கிறேன். அவன் மறுபடி யாருக்காவது அனுப்பி, பேரையும் சொன்னான்னு வைங்க... செத்தான்!"

அவன் சாகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அந்த போஸ்ட்கார்டை எத்தனை முறை எழுதிக் கிழித்திருப்பான்! வானொலியில் அவள் பெயர் ஒலித்த காலையில் உலகத்தையே அவளுக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்துக் குதித்திருந்தான். அவள் வராமல் போனதும், ஒரு மாதம் தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றான். வேறு ஊருக்குப் போய்விட்டாள் போலும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். தன்னால்தான் நின்றாள் என்பது இன்றுதானே தெரிகிறது... சொல்லிவிடலாமா? சொன்னால் இந்தச் சிரிப்பு அத்தோடு போய்விடும். கை நடுங்க நடுங்க எப்படியோ செட்டைப் பொருத்திக் கொடுத்து அனுப்பினான்.

மறுநாளே அவள் திரும்பி வந்தாள்.

"என்னங்க செட் இது? சாவிய எடுத்தா எல்லாத்தையும் மறந்துருது! ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷனத் தேடித் தேடியே ஸ்கூல் வந்துருது!"

பார்த்தவுடனேயே ஜனகனுக்குப் புரிந்தது. மஞ்சள் வயருக்கு எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும். அப்போதுதான் செட் ஸ்டேஷன்களை வைத்துக்கொள்ளும். சிவப்பு வயருக்குச் சாவி திருப்பினால் மட்டும் வந்தால் போதும். இரண்டையும் மாற்றிக் கொடுத்திருந்தான். ஏழு வருடத்தில் அவன் செய்த வேலை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. 'செட்டில் கோளாறு' என்று ஒரு பொய் சொன்னால் மானம் தப்பிக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தான்... அவள் கண்களைப் பார்த்தபின் வரவில்லை.

"தப்பு என்னோடதுங்க. வயர மாத்திக் குடுத்துட்டேன். நேத்து கை நடுங்கிருச்சு."

"ஏன்?"

"அந்த அன்பு உள்ளம்... நாந்தாங்க."

அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"ஏன் பேர் போடல?"

"பயம்..."

"உங்க பயத்துக்கு நான் பொய்க்காரியானேன். இப்ப எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அப்பா இன்னைக்கு வரைக்கும் நான் மறைச்சேன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்காரு."

அவன் வயர்களைச் சரிசெய்தான். அவள் திரும்பியும் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, ஜனகன் வட்டகொடைக்கு ரயிலேறினான். விசாரித்துக்கொண்டே லோஜினியின் தோட்டத்து வீட்டைக் கண்டுபிடித்தான். அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி, பேப்பரைத் தாழ்த்திவிட்டு, நனைந்து நின்றவனைப் பார்த்தார். அவருக்குப் பின்னால், கதவருகே லோஜினி உறைந்துபோய் நின்றாள்.

"ஐயா, என் பேரு ஜனகன். ஹட்டன்ல காருக்கு ரேடியோ போடுற கடை வச்சிருக்கேன். பத்து வருசத்துக்கு முன்ன உங்க மகளுக்கு ரேடியோவுல வாழ்த்து அனுப்புனது நான். அவங்களுக்கு என்னைய யாருன்னே தெரியாது. அவங்க சொன்னது சத்தியம். பேரைப் போட எனக்குத்தான் தைரியம் இல்லாமப் போச்சு."

பெரியவர் எழுந்தார். அறை விழப்போகிறது என்று ஜனகன் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் அவர் திரும்பியது மகளின் பக்கம்.

"நெசமாவே தெரியாதாம்மா ஒனக்கு?"

"தெரியாதுப்பா."

"நீ அப்பவே சொன்னியே... நாந்தான் காதுல வாங்கல." அவர் குரல் உடைந்தது. மகளின் தலையில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். லோஜினி தேம்பித் தேம்பி அழுதாள். பிறகுதான் அவருக்கு வந்தவனின் நினைப்பு வந்தது. "நனைஞ்சு போயிருக்காரு... ஒரு தேத்தண்ணி குடும்மா."

குடித்துவிட்டுக் கிளம்பியவனின் பின்னால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே குடையோடு ஓடி வந்தாள் அவள். மூச்சு வாங்க அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பத்து வருசமா உங்கள மறக்கலீங்க..." என்றான் ஜனகன். "அத மட்டும் சொல்லிக்கிறேன். வேற கேக்க எனக்கு வாயில்ல."

"திட்டுறதுக்குத்தான் ரேடியோ கேக்கிறேன்னு சொன்னேன்ல... அது பாதிதான்."

"மீதி...?"

அவள் தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே தலையைக் குனிந்தாள்.

"அன்னைக்கு வீட்ல எல்லாரும் ஏசினாங்க. அழுதேன். ஆனா போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு, அந்த வாழ்த்த நானே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்தேன். எழுதினவன் முகம் எப்படி இருக்கும்னு யோசிச்சேன்... யோசிச்சுக்கிட்டே இருந்தேன். வந்த மாப்பிள்ளை யாரையும் மனசுக்குப் புடிக்கல."

"இப்ப பாத்துட்டீங்களே..."

"பாத்துட்டேன்." அழுத ஈரம் காயாத கண்கள் நேராக அவனைப் பார்த்தன. "புடிச்சிருக்கு. இத அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்... இந்தத் தடவ என்னைய நம்புவாரு."