பயிரிடுபவர்: சசிகலா

இரவு ஷிஃப்ட் முடிந்து, சேரப்பணஞ்சேரி முனையில் சசிகலா கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி ஏழு. பனி விலகவில்லை. ஒரகடம் பக்கம் லாரிகளின் ஹார்ன் மட்டும் கேட்டது.

வரப்பில் நடந்தவளுக்கு மனசு லேசாக இருந்தது. பதினைந்து நாளுக்கு முன்புதான், அப்பா விட்டுப்போன வயலை அண்ணன் ராஜசேகர் அவள் பெயருக்கு மாற்றியிருந்தான். "உன் பங்கு சசி, வெச்சிக்கோ" என்றான். தனியாளாக மகளை வளர்ப்பவள், அன்று அழுதேவிட்டாள்.

இன்றுதான் பார்க்க நேரம் கிடைத்தது.

கதிர் முற்றிய நெல்லின் நடுவே, முப்பதடி அகலத்துக்கு ஒரு வட்டம். காற்று சாய்த்தால் பயிர் கண்டபடி விழும். இது பாய் முடைந்தாற்போல் ஒரே பக்கமாகச் சுழன்று படுத்திருந்தது. ஒரு தாள்கூட முறியவில்லை.

சேற்றில் காலடித்தடமும் இல்லை.

"உள்ள எறங்காதம்மா!"

தலையாரி கன்னியப்பன். கக்கத்தில் துணி சுற்றிய பழைய அடங்கல். எந்த வயலில் யார் பயிர் வைத்தார்கள் என்று வருஷா வருஷம் எழுதும் கிராமப் பதிவேடு.

"இந்த வயலுக்கு உன் பேர் இருக்கறத நேத்துதாம்மா பாத்தேன். தூக்கம் வரல. இதப் படி."

தாள் மக்கி, புளித்த வாடை அடித்தது.

1911. நெல் வட்டமாய் வீழ்ந்தது. பயிரிடுபவர் முனியம்மாள். அறுப்புக்கு முன் காணவில்லை.

1954. மீண்டும் வட்டம். பயிரிடுபவர் இராமச்சந்திரன். காணவில்லை.

அதே வயல்.

"இது எப்போ விழுந்துச்சுண்ணே?"

"பதினாறு நாளாவுது. உங்கண்ணன்தான் மொதல்ல பாத்தாரு. ஆபீசுக்கு ஓடியாந்து இந்தப் பக்கத்தப் படிச்சாரு. மறுநாளே பேர மாத்திட்டாரு."

பதினாறு. பதினைந்து.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க சசி."

"எனக்கும் ஒண்ணு கீதுண்ணா."

போன் வைக்கப்பட்டது.

சரசரவென்று ஒரு சத்தம். காற்று இல்லை. வட்டத்தின் ஓரத்தில் நிமிர்ந்து நின்ற பயிர், அவள் பக்கமாக ஒரு முழம் படுத்தது.

இன்னொரு முழம்.

"ஓடுமா!"

திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

சுங்குவார்சத்திரத்து வாடகை அறையில் மகள் கவிப்பிரியா பள்ளிக்குக் கிளம்பிப் போயிருந்தாள். சசிகலா தாழ்ப்பாள் போட்டாள். பேரை நாளைக்கே அடிக்கச் சொல்லணும் என்று முணுமுணுத்தபடி தரையில் விரித்திருந்த கோரைப்பாயில் சாய்ந்தாள். அசதி கண்ணைக் கட்டியது.

விழித்தபோது வெயில் ஜன்னலில் இருந்தது. அறைக்குள் பச்சை நெல் வாசனை.

மெல்லக் குனிந்து பார்த்தாள்.

அவள் படுத்திருந்த கோரைப்பாயில் நேர்க்கோடே இல்லை. கோரைகள் அவளை நடுவில் வைத்து, ஒரே பக்கமாகச் சுழன்று படுத்திருந்தன.

ஒன்றுகூட முறியவில்லை.